வணிகப் பிரபுக்களின் வெனிஸ் – 17: அரக்கர்கள் விழும் மாளிகை

1797-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் தேதி, நெப்போலியனுடைய சேனை உப்பங்கழியின் கரையில் வந்து காத்துநின்ற வேளையில், வெனிஸ் மகாசபை கூடித் தன்னைத் தானே கலைத்துக்கொண்டதையும், அதனோடு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருந்த ஒரு குடியரசு முடிவெய்தியதையும் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். அரசு ஒன்று மறையும்போது அதன் சட்டங்களும் பட்டங்களும் உடன் மறைகின்றன. அதன் நாணயங்கள் பொருட்காட்சிச் சாலையில் போய்ச் சேருகின்றன. ஆனால் வீடுகள் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றுகொண்டு, இனி நம்மை வைத்துக் காப்பாற்றப் போகிறவர் யார் என்று கேட்கின்றன. பெருங்கால்வாயின் இருமருங்கிலும் வரிசையாக நிற்கும் பிரபுக்களின் மாளிகைகள் அந்தக் கேள்விக்கு வெவ்வேறு விடைகளைப் பெற்றன. ஃபோஸ்காரி குலத்தாரின் மாளிகை பல்கலைக்கழகமாயிற்று. இசைமேதை வாக்னர் 1883-இல் உயிர்நீத்த வெண்ட்ராமின் கலெர்ஜி மாளிகை சூதாட்ட மண்டபமாயிற்று. ஃபர்ஸெட்டி மாளிகையில் நகரசபை குடியேறிற்று. பொன் மாளிகை என்று கீர்த்தி பெற்ற கா தோரோவை அதன் கடைசிச் சொந்தக்காரரான ஃபிராங்கெட்டி பிரபு 1916-இல் அரசாங்கத்துக்கே கொடுத்துவிட, அது கலைக்கூடமாயிற்று. அதற்கு வெகு அருகில் உள்ள ஸாக்ரெடோ மாளிகையோ 42 அறைகள் கொண்ட ஒரு சிறிய ஹோட்டலாயிற்று. அந்த ஒரு வீட்டின் சரித்திரமே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

பட்டமும் பரம்பரையும் உள்ளவர்களைத் தவிர வேறொருவர் காலடி வைக்கவும் தயங்கிய மனையில், வாடகை கொடுத்தவர் எவரும் இன்று படுத்துறங்கலாம் என்பதைக் கேட்டவுடன், ஐயோ, அந்தப் பிரபுத்துவம் இந்தக் கதிக்கா வந்தது என்று பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. அந்தப் பெருமூச்சில் நியாயம் சிறிதும் இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆயினும் அந்த வீட்டை முதலில் எதற்காகக் கட்டினார்கள், அது எப்படிச் சம்பாதித்தது, எப்போது சம்பாதிப்பதை நிறுத்திற்று என்பதையெல்லாம் வரிசையாகக் கவனித்துப் பார்த்தால், வீழ்ச்சி என்று நாம் எதைச் சொல்கிறோமோ அது நிகழ்ந்தது ஹோட்டல் ஏற்பட்ட நாளில் அன்று, அதற்கு வெகுகாலம் முன்பே என்பது விளங்கும்.

ரியால்டோ மீன் சந்தைக்கு நேர் எதிர்க்கரையில் ஸாண்டா ஸோஃபியா என்னும் சிறு சதுக்கம் ஒன்று கால்வாயின் விளிம்பு வரையில் திறந்து கிடக்கிறது. காய்கறிக்கும் மீனுக்கும் போகிறவர்கள் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போகாமல், முன்னும் பின்னுமாக இருவர் நின்று துடுப்புப் போடும் பொதுப் படகில் ஏறி, பலர் நின்றபடியே, அக்கரை சேர்ந்துவிடுகிறார்கள். சதுக்கத்தை ஒட்டி நிற்பது ஸாக்ரெடோ மாளிகை. அதன் முகப்பைத் தண்ணீரிலிருந்து அண்ணாந்து பார்த்தால் ஒரே சுவரில் இரண்டு காலங்கள் தெரிகின்றன: கீழ்மாடியின் சாளரங்கள் கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து கற்றுக்கொண்ட பைசாந்தியப் பாணியில் நெட்டுயர்ந்து வளைந்திருக்க, மேல்மாடியின் சாளரங்கள் கோதிக் பாணியின் கூரிய வளைவுகளையும் நான்கிதழ்ப் பூப்போன்ற கல் வேலைப்பாட்டையும் தாங்கி நிற்கின்றன. சாளரங்கள் நடுவில் நெருங்கியும் ஓரங்களில் விலகியும் அமைந்திருப்பது அலங்காரத்துக்காக மட்டுமன்று. கால்வாயிலிருந்து வீட்டின் பின்புறம் வரையில் ஓடும் நீண்ட நடுக்கூடத்துக்கு வெளிச்சம் இரு கோடிகளிலிருந்துமே வந்தாக வேண்டியிருப்பதால், கூடத்தின் அகலம் எவ்வளவோ அவ்வளவுக்கு முகப்பில் சாளரங்களைத் திறந்துவிட்டார்கள். வெனிஸ் மாளிகையின் முகத்தைப் பார்த்தே அதன் வயிற்றில் இருப்பதைச் சொல்லிவிடலாம் என்று சிற்பிகள் கூறுவது இதனால்தான்.

அந்த வயிற்றில் இருந்தது வியாபாரம். மற்ற ஐரோப்பிய நாடுகளில் பிரபு என்பவன் நிலத்தின் வருமானத்தில் வாழ்ந்து, வர்த்தகத்தைக் கையால் தொடுவதையும் இழிவென்று எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், வெனிஸ் நகரத்துப் பிரபுவோ மிளகு விலையையும் பட்டு விலையையும் விரல்நுனியில் வைத்திருந்த வணிகனாயிருந்தான். ஆகவே அவன் வீடும் அதற்கேற்றபடி அமைந்தது. கால்வாயை நோக்கிய தண்ணீர் வாசலில் படகுகள் வந்து அணையும். அதை அடுத்த பெரிய கீழ்த்தளத்தில் மூட்டைகள் இறங்கும். அதற்கு மேலே தாழ்ந்த கூரையுள்ள இடைத்தளத்தில் கணக்கர்கள் உட்கார்ந்து பேரேடு எழுதுவார்கள். அதற்கும் மேலேதான் விருந்தினரை வரவேற்கும் நடுக்கூடமும், அதன் இரு பக்கங்களிலும் குடும்பத்தின் அறைகளும். அந்நிய தேசத்து வர்த்தகன் ஒருவன் சரக்கோடு வந்து இறங்கினால், கிடங்கைப் பார்த்து, கணக்கைத் தீர்த்து, மாடியேறி விருந்துண்ணும் வரையில் ஒரே கூரையின் கீழ் எல்லாக் காரியமும் முடிந்துவிடும். நம்முடைய மலையாளக் கரையில் கொடியேறிய மிளகு, அரபிக் கடலையும் பாலைவனத்தையும் கடந்து, அலெப்போவிலும் அலெக்ஸாண்டிரியாவிலும் கைமாறி, இப்படிப்பட்ட கீழ்த்தளங்களில்தான் ஐரோப்பாவின் தராசில் முதன்முதலாக ஏறிற்று.

கட்டடத்தின் நுட்பங்களில் ஒன்றை மட்டும் நின்று பார்த்துவிட்டு மேலே செல்வோம். சேற்று மண்ணில் நெருக்கமாக அறைந்த மரக்கழிகளின்மேல், உப்புநீருக்கு அசையாத இஸ்திரியக் கல்லைப் பரப்பி எழுப்பிய இந்த வீடுகள், நூற்றாண்டுக்கு நூற்றாண்டு ஒரு பக்கம் சற்றே அமிழ்ந்தும் மறுபக்கம் சாய்ந்தும் கொண்டிருப்பவை. இறுகிய பாறைத் தளம் போட்டால் வெடித்துவிடும் என்று அறிந்த கொத்தர்கள், செங்கல் தூளையும் சலவைக்கல் துணுக்குகளையும் சுண்ணாம்பில் குழைத்துக் கொட்டி, நாள்கணக்கில் அடித்து இறுக்கி, தேய்த்து மழமழப்பாக்கி, ஆளிவிதை எண்ணெய் ஊட்டி ஒரு தரையைச் செய்தார்கள். அது பாய் விரித்தாற்போலக் கட்டடத்தின் அசைவுக்கெல்லாம் இசைந்து கொடுக்கும். எங்கேனும் கீறல் கண்டால் அதே கலவையை இட்டுத் தேய்த்துவிட்டால் தழும்பும் தெரியாது. இன்றைக்கும் பழைய வெனிஸ் மாளிகை ஒன்றின் கூடத்தில் நடக்கிறவன், தரை அலையலையாக மெல்ல ஏறி இறங்குவதைத் தன் பாதத்தாலேயே உணரலாம்.

14-ஆம் நூற்றாண்டின் சாயல் கொண்ட இந்த மாளிகை ஆதியில் மொரோஸினி என்னும் பெருங்குலத்துக்கு உரியதாயிருந்து, பிற்பாடே ஸாக்ரெடோக்களின் கைக்கு வந்தது. 17-ஆம் நூற்றாண்டில் அந்தக் குலத்தின் நட்சத்திரம் உச்சத்தில் இருந்தது. நிக்கோலோ ஸாக்ரெடோ 1675-இல் ‘டோஜ்’ என்னும் குடியரசு அதிபராகத் தேர்ந்தெடுக்கப் பெற்றார். அவருடைய சகோதரர் அல்வீஸே பிற்பாடு வெனிஸ் திருச்சபையின் தலைமைப் பீடத்தில் அமர்ந்தார். டோஜ் ஆன அடுத்த ஆண்டிலேயே நிக்கோலோ காலமானபோது, அதே குலத்தைச் சேர்ந்தவரும், கிராம்வெல் காலத்து இங்கிலாந்துக்குத் தூதராகச் சென்று வந்தவரும், துருக்கிய சுல்தான்களின் சரித்திரத்தை எழுதியவருமான ஜொவான்னி ஸாக்ரெடோவைத் தேர்வாளர்கள் தெரிந்தெடுக்க முற்பட்டார்கள். ஆனால் வெளியே திரண்ட ஜனங்கள் வேண்டாமென்று கூச்சலிட்டார்கள். மகாசபை அந்தத் தேர்வாளர்களையே மாற்றிவிட்டு, கொண்டரினி குலத்தவர் ஒருவரைப் பீடத்தில் ஏற்றிற்று. பிரபுக்களைத் தவிர வேறெவரும் வாக்களிக்க முடியாத ஒரு ராஜ்யத்தில் வீதியின் குரலுக்குச் செவி சாய்த்த அபூர்வமான சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

இந்த வம்சத்துக்கு உலகப் பிரசித்தி தேடித் தந்தவரோ டோஜ் பதவி வகித்தவர் அல்லர். அவருக்கும் முந்திய ஜான்ஃபிரான்செஸ்கோ ஸாக்ரெடோ என்பவர். பாதுவா சர்வகலாசாலையில் கலிலியோ போதித்துக்கொண்டிருந்த நாட்களில் அவருக்கு அத்தியந்த நண்பராகி, காந்தக் கல்லையும் வெப்பமானியையும் வைத்துக்கொண்டு ஓயாமல் பரிசோதனை செய்துவந்த இவர், 1608 முதல் மூன்றாண்டுகள் அலெப்போவில் வெனிஸ் நாட்டுக் கான்ஸலாக உத்தியோகம் பார்த்தார். மிளகு மூட்டைகள் போகும் வழியைக் காவல் புரிவதே அந்த உத்தியோகத்தின் சாரம். அவர் திரும்பி வந்தபோது கலிலியோ பாதுவாவை விட்டு ஃபிளாரன்ஸ் அரசவைக்குப் போய்விட்டிருந்தார். வெனிஸில் இருந்த சுதந்திரத்தை வேறெங்கே பெறுவீர் என்று ஸாக்ரெடோ அப்போது அவருக்கு எழுதிய எச்சரிக்கை, 1633-இல் மத விசாரணை மன்றத்தின் முன் கலிலியோ மண்டியிட நேர்ந்தபோது எவ்வளவு சரியென்று விளங்கிற்று; ஆனால் அதைக் காண ஸாக்ரெடோ இல்லை, 1620-இலேயே காலமாகிவிட்டார். இறந்த நண்பருக்குக் கலிலியோ செய்த கைம்மாறுதான் 1632-இல் வெளிவந்த உலக அமைப்புகளைப் பற்றிய உரையாடல் நூல். மூவர் நான்கு நாட்கள் கூடிப் பேசுவதாக அமைந்த அந்தப் புத்தகத்தில், முன்முடிவு இல்லாமல் இரு பக்கத்தையும் கேட்டு, நியாயம் எங்கே என்று நிதானிக்கும் கிருகஸ்தராக ஸாக்ரெடோவே வருகிறார். சம்பாஷணை நடக்கும் இடமும் அவருடைய வீடே. ஸாண்டா ஸோஃபியாவிலுள்ள மாளிகை அந்த வீடு அன்று. அது குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது அவர் காலத்துக்குப் பிறகு. ஆயினும் விருந்தாளியை உட்கார வைத்து, அவன் சொல்வதைப் பொறுமையோடு கேட்கும் வழக்கம் அந்தக் குலத்தின் பெயரோடு உலக இலக்கியத்தில் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டுவிட்டது.

இதற்குள் நகரத்தின் அஸ்திவாரமே நகர்ந்துவிட்டிருந்தது. வாஸ்கோ ட காமா 1498-இல் கள்ளிக்கோட்டையில் இறங்கியதிலிருந்து மெல்ல மெல்லக் கடல் வர்த்தகம் கைநழுவிப் போக, வெனிஸ் பிரபுக்கள் கப்பலில் போட்ட பணத்தைத் திரும்ப எடுத்து நிலத்தில் போட்டார்கள். உள்நாட்டில் பண்ணைகளும் உல்லாச மாளிகைகளும் எழும்பின. வணிகனின் பேரன் குத்தகைப் பணத்தில் வாழும் ஜமீன்தாரனானான். கீழ்த்தளம் காலியாயிற்று, மேல்மாடி ஜொலிக்கத் தொடங்கிற்று. சம்பாதித்த தலைமுறைகள் விட்டுச் சென்ற செல்வத்தைக் கொண்டு, சம்பாதிக்காத தலைமுறைகள் வாழ்க்கையைக் கலையாக்கின காலம் அது. ஸாக்ரெடோக்களில் அந்தக் காலத்தின் பிரதிநிதி 1729-இல் காலஞ்சென்ற ஸக்காரியா. ஓவியர் பியாட்ஸெட்டாவுக்குப் போஷகராயிருந்த அவர், இத்தாலி எங்கும் தேடித் திரட்டிய ஓவியங்களுக்கும் சித்திரத் தாள்களுக்கும் ஈடு சொல்லக்கூடிய தொகுப்புகள் அன்றைய வெனிஸில் அதிகமில்லை.

அவருக்குப் பின் வந்த கெரார்டோ காலத்தில் மாளிகைக்கு ஒரு மகத்தான படிக்கட்டு வாய்த்தது. சிற்பி ஆந்த்ரேயா திராலி வகுத்த அந்தப் படிக்கட்டின் சுவர்களையும் விதானத்தையும் வரைந்து நிரப்பும் வேலையை, முப்பது வயதைச் சற்றே கடந்திருந்த பியெத்ரோ லாங்கி என்பவரிடம் ஒப்படைத்தார்கள். 1734-இல் அவர் தீட்டி முடித்த விஷயம் அரக்கர்களின் வீழ்ச்சி. மலைமேல் மலையை அடுக்கி வானுலகத்தைப் பிடிக்க வந்த அரக்கர்களை, மேகங்களின் நடுவே விதானத்தில் வீற்றிருக்கும் ஜூபிடர் இடிகொண்டு தாக்க, பருத்த தோள்களும் மடங்கிய முழங்கால்களுமாக அவர்கள் பாறைகளோடு பாறைகளாகச் சுவர் நெடுகச் சரிந்து வருகிறார்கள். மேலே ஏறிப் போகும் மனிதனுக்கு இருபுறமும் கீழே விழுந்துகொண்டிருக்கும் உருவங்கள்! ஏறுகிறவன் எவனும் இதைப் பார்த்துக்கொண்டே ஏறட்டும் என்று வீட்டுக்காரர் நினைத்தாரோ, அல்லது பெரிய சுவருக்குப் பெரிய உடல்கள் வேண்டும் என்று மட்டும் நினைத்தாரோ, எப்படியும் அந்தச் சித்திரத்தின் பொருள் வீட்டுக்காரருக்கே பலித்தது. லாங்கியோ அதற்குப் பின் தேவர்களையும் அசுரர்களையும் விட்டுவிட்டு, சாக்கலேட் பானம் அருந்தும் சீமாட்டிகளையும், நாட்டியம் பயிலும் பெண்களையும், காண்டாமிருகத்தை வேடிக்கை பார்க்கும் முகமூடிக்காரர்களையும் சிறுசிறு படங்களில் தீட்டி, மறையப் போகும் ஒரு சமூகத்தின் அந்தரங்கச் சரித்திரக்காரராக அமரத்துவம் பெற்றார்.

1738-இல் கெரார்டோ இறந்தபோது அவருக்கு ஆண் வாரிசு இல்லை. இது தற்செயலான துரதிருஷ்டம் அன்று. சொத்துச் சிதறாமல் இருக்கும் பொருட்டு, சகோதரர்கள் பலர் இருந்தாலும் ஒருவர் மாத்திரமே விவாகம் செய்துகொண்டு மற்றவர்கள் பிரம்மசாரிகளாகவே இருந்துவிடுவது வெனிஸ் பிரபுக்களின் நெடுநாளைய ஏற்பாடு. ஐசுவரியத்தைக் காப்பாற்ற அவர்கள் கண்ட உபாயம் வம்சத்தை அறுத்தது. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 2,500 பேராயிருந்த பிரபுக்கள், குடியரசு முடியும் தறுவாயில் அதில் பாதிக்கும் குறைந்துவிட்டார்கள். ஸாக்ரெடோ மாளிகை குலத்தின் வேறொரு கிளைக்குப் போயிற்று. ஸக்காரியாவின் தொகுப்பு துண்டுதுண்டாக விலைபோயிற்று. அருகிலேயே கால்வாய்க் கரையில் வசித்த ஆங்கிலக் கான்ஸல் ஜோஸஃப் ஸ்மித், காஸ்தில்யோனே என்ற ஓவியரின் சித்திரத் தாள்களை அதிலிருந்து வாங்கி, 1762-இல் தம் தொகுப்பு முழுவதையும் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு விற்றுவிட, அவை இன்று விண்ட்ஸர் கோட்டையில் இருக்கின்றன. குடியரசு போன பின்னும் குலம் மேலும் சில தலைமுறைகள் நீடித்து, சரித்திர ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த அகோஸ்டினோ ஸாக்ரெடோவின் மரணத்தோடு 1871-இல் முற்றுப் பெற்றது.

பெயரைச் சொல்ல ஆள் இல்லாத வீட்டிலிருந்து அடுத்தபடியாகப் போனது ஓர் அறை. அறையிலிருந்த பொருள்களைச் சொல்லவில்லை, அறையையே சொல்கிறேன். 1718 அளவில் அபொந்தியோ ஸ்தாட்ஸியோ, கார்ப்போஃபரோ மட்ஸெட்டி என்ற சுதைச் சிற்பிகள் இந்த மாளிகையில் ஒரு பள்ளியறையை அலங்கரித்திருந்தார்கள். கட்டில் போடும் மாடத்தின் வளைவுக்கு மேல், கொழுகொழு என்ற சிறகு முளைத்த குழந்தைகள் திரைச்சீலையையும் மலர்ச்சரத்தையும் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் மிதக்கின்றன. விதானத்தில், இரவை வென்று உதயமாகும் உஷையைக் கஸ்பாரே திட்ஸியானி தீட்டியிருக்கிறார். தூங்கப் போகிறவன் கண்மூடுமுன் கடைசியாகக் காண்பது விடியலாக இருக்கட்டும் என்ற அந்த ரசனையை எவ்வளவு பாராட்டினாலும் தகும். சுதையும் மரமும் சித்திரமுமாக அந்த அறையை அப்படியே பெயர்த்தெடுத்துக் கடல் கடத்திக் கொண்டுபோனார்கள்; 1906-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் பொருட்காட்சிச் சாலை அதை விலைக்கு வாங்கிற்று. இன்று ஆயிரக்கணக்கானவர்கள் கயிற்றுக்கு இப்பால் நின்று அதைக் கண்டு வியக்கிறார்கள். தூங்குவதற்கென்றே செய்த அந்த அறையில் தூங்குவோர்தான் எவருமில்லை. விட்டு வந்த வீட்டிலோ, சிறப்புக் குறைந்த அறைகளில் எல்லாம் இரவுதோறும் மனிதர்கள் தூங்குகிறார்கள். ஒரே மாளிகை இரண்டு விதமான வாழ்வைப் பெற்றுவிட்டது. பழமையைக் காப்பாற்ற உலகம் அறிந்த வழிகள் இரண்டே: உபயோகத்திலிருந்து எடுத்துவிடுவது ஒன்று, உபயோகத்திலேயே வைத்துக்கொள்வது மற்றொன்று. முன்னது பொருளைக் காக்கிறது. பின்னது பொருளைச் சற்றுத் தேயவிட்டு வீட்டைக் காக்கிறது.

மாளிகையை விடுதியாக்கும் வழக்கத்துக்கு வெனிஸில் முன்மாதிரி இல்லாமலில்லை. 1822-லேயே ஜியுஸெப்பே தால் நியேல் என்பவர் தந்தோலோ குலத்தாரின் மாளிகையில் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்து நடத்திய விடுதிதான், ‘தானியேலி’ என்று நாளடைவில் புகழ்பெற்றது. 1846-இல் உப்பங்கழியின்மேல் ரயில் பாலம் வந்தது, யாத்திரிகர்கள் பெருகினார்கள். ஸாக்ரெடோ மாளிகைக்கு அந்த முறை வந்ததோ இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில். அப்படிப்பட்ட வீட்டை ஹோட்டலாக்குவது எளிய காரியமன்று. இத்தாலியச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் அரசாங்கப் புராதனக் காரியாலயத்தின் சம்மதமில்லாமல் மராமத்து வேலை செய்ய இயலாது. சுவரில் சித்திரமும் விதானத்தில் சுதையும் இருக்கும் இடத்தில் குளியலறைக் குழாயை எந்த வழியாகக் கொண்டு செல்வது, மின்கம்பியை எதன் பின்னே மறைப்பது என்பவையெல்லாம் ஒவ்வொரு அறைக்கும் புதிதாகத் தீர்க்க வேண்டிய கணக்குகள். பிரபுவின் பள்ளியறை ஒன்று இன்னொன்றைப் போல இராது. ஆகையால் நூறு அறைகளை ஒரே அச்சில் வார்க்கும் பெரிய ஹோட்டலுக்கு இந்த வீடு உதவாது. சிறியதாக இருந்தே தீரவேண்டும் என்பது நாகரிகப் பாங்கினால் அன்று, சுவர்களின் கட்டளையினால்.

2017-ஆம் ஆண்டில் வெனிஸ் கலைக்கண்காட்சியை ஒட்டி, சிற்பி லொரென்ஸோ க்வின் பிரம்மாண்டமான இரண்டு வெண்ணிறக் கைகளைக் கால்வாயின் நீரிலிருந்து எழுப்பி, இந்த மாளிகையின் சுவரைத் தாங்கிப் பிடிப்பதுபோல் நிறுத்தினார். ஏறிவரும் கடல் ஒருநாள் இந்நகரத்தை விழுங்கிவிடும் என்ற எச்சரிக்கையே அவர் உத்தேசம். அது வீண் பயமும் அன்று: 1966 நவம்பர் 4-இல் 194 சென்டிமீட்டரும், 2019 நவம்பர் 12-இல் 187 சென்டிமீட்டரும் உயர்ந்த வெள்ளத்தை இந்நகரம் கண்டது. 2020 அக்டோபரில்தான் கழிமுகங்களில் அமைத்த எழும்பும் மதகுகள் முதன்முறையாகக் கடலைத் தடுத்து நிறுத்தின.

ஆனால் வீட்டைத் தாங்கும் கைகள் யாருடையவை என்ற கேள்விக்குச் சரித்திரக்காரன் வேறு விடையும் சொல்ல வேண்டும். முதல் முந்நூறு ஆண்டுகள் அதைத் தாங்கியது மிளகும் பட்டும். அடுத்த நூற்றைம்பது ஆண்டுகள் நிலக் குத்தகை. பிறகு சில தலைமுறைகள் அது தன் ஓவியங்களையும் பள்ளியறையையும் விற்று வயிறு வளர்த்தது. இன்று விருந்தாளிகள் தாங்குகிறார்கள். தண்ணீர் வாசலில் மீண்டும் படகு அணைகிறது; அந்நியன் மூட்டையோடு இறங்குகிறான்; இடைத்தளத்தில் எவனோ கணக்கு எழுதுகிறான்; மாடிக் கூடத்தில் விருந்து நடக்கிறது. கெரார்டோ பிரபுவுக்கு இது அவமானமாகத் தோன்றலாம். கட்டடத்தை எழுப்பிய 14-ஆம் நூற்றாண்டு வணிகன் ஒருவன் திரும்பி வந்தால், கட்டணம் என்னவென்று விசாரித்து, நியாயமான விலைதான் என்று தலையசைப்பான்.

அவன் முகம் சுளிக்கக்கூடிய விஷயம் ஒன்று உண்டு, அது மாளிகைக்கு வெளியே இருக்கிறது. 1951-இல் தீவு நகரத்தில் சுமார் 1,75,000 பேர் குடியிருந்தார்கள்; இன்று 50,000 பேர்கூட இல்லை. பிரபுவின் வீடு ஹோட்டலாவது வேறு. தச்சன் வீடும், மீன்காரி வீடும், பள்ளிக்கூட வாத்தியார் வீடும் ஒவ்வொன்றாக யாத்திரிகர் விடுதியாவது வேறு. முன்னது காலியாகக் கிடந்து பாழாகவிருந்த இடத்தை நிரப்புகிறது. பின்னது நிறைந்திருந்த இடத்தைக் காலி செய்கிறது. இரண்டையும் ஒரே பெயரால் வியாபாரம் என்று புகழ்வதும் தவறு, ஒரே பெயரால் சீரழிவு என்று பழிப்பதும் தவறு. பழைய வெனிஸ் வணிகன் விருந்தாளியை மாடிக்கு அழைத்துச் செல்லும்போது, அந்த மாடியில் அவனுடைய குடும்பமும் வசித்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இப்படி விருந்தாளியையும் சரக்கையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக் காவல் காக்கும் முறையை, குடியரசே முன்னின்று நடத்திய இடம் ஒன்று ரியால்டோ பாலத்தடியில் இருக்கிறது: 1505-இல் தீக்கிரையாகி, மூன்றே ஆண்டுகளில் மீண்டும் எழுந்து, ஜார்ஜியோனேயும் திஷியனும் வெளிச்சுவரில் சித்திரம் எழுதிய ஜெர்மானிய வர்த்தகர்களின் பண்டகசாலை. தபால் நிலையமாகவும், பின்னர் ஆடம்பர அங்காடியாகவும் மாறிய அதன் கதையை அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.